கொழும்பின் அறைவெப்பத்தில் ஐதரோஜெல்

நோன்பு காலத்தில் தட்டில் ஊற்றி வைக்கும் கடற்பாசி, சமையலறை மேசையிலேயே இறுகிவிடும். கடையில் வாங்கிய ஜெலிப் பக்கற்றைக் கரைத்து ஊற்றினால் அது குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். வெளியே எடுத்து வைத்தால் பேச்சு முடிவதற்குள் ஓரம் கசியத் தொடங்கும். இரண்டிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், பாடநூல் மொழியில் பல்பகுதியங்கள். இப்படித் தண்ணீரைப் பிடித்து நிற்கும் சங்கிலி வலைக்குத்தான் ஐதரோஜெல் என்று பெயர். ஒன்று கொழும்பு வெயிலில் நிற்கிறது, மற்றது நிற்கவில்லை. காரணம் சங்கிலிகளுக்கு இடையே விழுந்த முடிச்சு.

கடற்பாசியில் உள்ள அகார் சூடு ஆறும்போது இரட்டைச் சுருளாக முறுக்கிக்கொள்ளும். அந்தச் சுருள்கள் கத்தைகளாகச் சேரும். 40 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகினால் மறுபடி உருக ஏறத்தாழ 85 பாகை வேண்டும். ஜெலிப் பக்கற்றில் உள்ள ஜெலற்றினில் விழுவது, அதன் மூலமான கொலாஜன் என்ற புரதத்தின் மூன்றிழை முறுக்கு, அதுவும் துண்டு துண்டாக. அது 30 பாகைக்கு அண்மையிலேயே அவிழும். கொழும்பில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையின் பகல் வெப்பநிலையும் அதுதான். இதே தொல்லை 1880களின் தொடக்கத்தில் ஜேர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ரொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்துக்கும் வந்தது. கிருமி வளர்க்க ஊற்றிய ஜெலற்றின் வெப்பத்தில் உருகியது, சில கிருமிகள் அதைத் தின்று நீராக்கின. அங்கே வேலைசெய்த ஒருவரின் மனைவி பனி ஹெஸ்ஸ, பழப்பாகு இறுக்கத் தம் சமையலறையில் இருந்த அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். உலகம் முழுக்க இன்றும் கிருமி வளர்ப்பது அந்த அகார்த் தட்டில்தான்.

ஐதரோஜெல் பற்றி எழுதும் எல்லோரும் ‘இயற்கை’, ‘செயற்கை’ என்று இரண்டு பெட்டி வைத்துத் தொடங்குகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். காயத்தில் வைக்கவோ ஊசியால் ஏற்றவோ கண்ணில் பொருத்தவோ ஒரு ஜெல்லைத் தெரிவு செய்பவருக்கு அந்தப் பிரிப்பு அநேகமாக எதையும் சொல்லாது. கேட்க வேண்டியவை இரண்டு. சங்கிலிகளைக் கட்டியிருக்கும் முடிச்சு எது? அது போகப்போகும் இடத்தில் அந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியது எது? வெப்பமா, உப்பா, அமிலமா, நொதியமா, கதிரா? இந்தக் கேள்விகளோடு பார்த்தால் அகாரும் செயற்கையான பொலிவைனைல் அற்ககோலும் ஒரு பக்கம் நிற்கும். ஜெலற்றினும் பொலொக்சமர் என்ற செயற்கைப் பல்பகுதியமும் மறுபக்கம் நிற்கும், ஒன்று சூட்டில் உருகும், மற்றது சூட்டில் இறுகும்.

முதலில் அல்ஜினேற்று. கையில் செய்து பார்த்து முடிச்சைக் கண்ணால் காண இதைவிட நல்ல பொருள் கிடையாது. கபிலநிறக் கடற்பாசிகளில் இருந்து வருவது, சர்காசம் (Sargassum) என்று நம் கரைகளிலும் ஒதுங்கும் இனங்களில்கூட உண்டு. வடக்கில் கயிறு கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் தருவது கராகீனன், அது வேறு பொருள். இரண்டையும் ‘பாசி ஜெல்’ என்று ஒன்றாகச் சேர்த்து எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். கராகீனனின் அந்த வகைக்கு முடிச்சுப் போடுவது பொற்றாசியம், அல்ஜினேற்றுக்குக் கல்சியம்.

அல்ஜினேற்றுச் சங்கிலியில் ‘ஜி’, ‘எம்’ என்று இரண்டு வகை வெல்ல அலகுகள் உண்டு. ‘ஜி’ அலகுகள் தொடர்ந்து வரும் இடத்தில் சங்கிலி மடிந்து மடிந்து குழி விழும். இரண்டு சங்கிலிகளின் குழிகள் எதிரெதிரே வரும்போது நடுவில் கல்சியம் அயன் உட்காரும், முட்டைத் தட்டில் முட்டை உட்காருவது போல. 1973 முதல் இதற்கு முட்டைப்பெட்டி மாதிரி என்றே பெயர். ‘ஜி’ மிகுந்த அல்ஜினேற்று கெட்டியாக, நொறுங்கக்கூடியதாக இறுகும். ‘எம்’ மிகுந்தது மென்மையாக வளைந்து கொடுக்கும். போத்தலில் இந்த விகிதம் எழுதாத அல்ஜினேற்றை வாங்கினால், இரண்டாம் முறை வாங்கும் போத்தலில் அதே ஜெல் வராது.

கரைசல் செய்ய 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீருக்கு 2 கிராம் சோடியம் அல்ஜினேற்று எடுங்கள். காந்தக் கலக்கியால் நீரில் சுழி விழச்செய்து, அந்தச் சுழியின் ஓரத்தில் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் கூழுக்குப் போட்ட மா கட்டிபடுவது போல, வெளியே பசையும் உள்ளே உலர்தூளுமாக உருண்டைகள் மிதக்கும், அவை மறுநாளும் கரையாது. தூளை முன்பே சில துளி எதனோலில் நனைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். கரைய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் சங்கிலிகள் வெட்டுப்பட்டுப் பிசுக்குமை இறங்கிவிடும், பிறகு அதே செறிவில் ஜெல் தளர்வாக வரும். குழாய்நீரையோ கிணற்றுநீரையோ எடுக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருப்பவை, அந்த நீரின் கல்சியம் நீங்கள் கேட்காமலே முடிச்சுப் போடத் தொடங்கி, கரைசல் முழுக்கச் சளிச்சளியாகும்.

கல்சியம் குளோரைட்டுக் கரைசல் லீற்றருக்கு 100 மில்லிமோல். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நீரற்ற உப்பானால் 100 மில்லிலீற்றருக்கு 1.11 கிராம், இரண்டு நீர் மூலக்கூறுகளோடு வரும் உப்பானால் 1.47 கிராம். லேபலைப் பார்க்காமல் இரண்டாவதில் 1.11 கிராம் நிறுத்தால் செறிவு 75க்கு இறங்கிவிடும். நீரற்ற உப்பைக் கொழும்பின் ஈரக் காற்றில் திறந்து வைத்தால் அது தானாகவே நீரை இழுத்துக் கசியும், நீங்கள் நிறுப்பது உப்பையா தண்ணீரையா என்று தராசுக்குத் தெரியாது. நான் சொல்வது, இரு நீர் மூலக்கூறுள்ள உப்பையே வாங்குங்கள், சிறிய போத்தலாக வாங்குங்கள், திறந்த போத்தலை உலர்த்திக்குள் வையுங்கள்.

அல்ஜினேற்றைச் சிரிஞ்சில் எடுத்து 21 இலக்க ஊசியால் சுமார் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து சொட்டவிட்டால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மணிகள் கிடைக்கும். மணிக்கு வால் முளைத்தால் ஊசி நீர்ப்பரப்புக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது கரைசல் அளவுக்கு மீறிப் பிசுக்காக இருக்கிறது. தட்டையானால் உயரம் கூடிவிட்டது. பத்துப் பதினைந்து நிமிடம் கரைசலில் ஊறவிட்டு எடுங்கள். மணியை வெட்டிப் பார்த்தால் வெளித்தோல் கெட்டி, நடு இளக்கம். கல்சியம் வெளியே இருந்து உள்ளே நுழைவதால் முதலில் தொட்ட இடத்திலேயே முடிச்சுகள் நெருங்கி விழுகின்றன.

சீரான தகடு வேண்டுமென்றால் கல்சியத்தை உள்ளேயே ஒளித்து வைத்து மெதுவாக விடுவிக்க வேண்டும். அதற்குக் கல்சியம் காபனேற்றும் குளுக்கோனோ டெல்ற்றா லக்ரோன் என்ற மெல்ல அமிலமாகும் பொருளும் சேர்ந்து வேலை செய்யும். 1% அல்ஜினேற்று 100 மில்லிலீற்றருக்கு நுண்தூளான காபனேற்று 0.15 கிராம், லக்ரோன் 0.53 கிராம். மோல் கணக்கில் ஒன்றுக்கு இரண்டு, இந்த விகிதத்தில்தான் முடிவில் அமிலம் மிஞ்சாது. காபனேற்றை முதலில் நன்றாகக் கலக்கிப் பரவவிடுங்கள். லக்ரோனைச் சிறிது நீரில் கரைத்தவுடனே ஊற்றிவிட வேண்டும், கரைத்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் அது போத்தலுக்குள்ளேயே அமிலமாகிவிடும், ஊற்றிய மறுகணம் கட்டிகள் விழும். 20 பாகையில் எழுதிய செய்முறையை 31 பாகையில் செய்தால் இறுகும் நேரம் குறையும். ஆகவே அச்சை முன்கூட்டியே ஆயத்தமாக வையுங்கள். காபனேற்றின் அளவைக் கூட்டினால் காபனீரொட்சைட்டுக் குமிழிகள் தகட்டுக்குள் சிக்கும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த தகட்டைச் சோதனைக்காகப் பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசலில் (பீஎச் மாறாமல் காக்கும் கரைசல்) போட்டுவிட்டு, மறுநாள் கலங்கல் நீரை மட்டும் கண்டு மனமுடைபவர்கள் பலர். பொஸ்பேற்று கல்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சித்திரேற்றும் ஈடீரிஏயும் அதைவிட வேகமாகப் பிடுங்கும். 0.9% உப்புநீரில் லீற்றருக்கு 2 மில்லிமோல் கல்சியம் குளோரைட்டுச் சேர்த்து, பொஸ்பேற்று இல்லாத தாங்கற்பொருளால் பீஎச்சை 7.4இல் நிறுத்துங்கள். அதிலும் சோடியம் மெல்ல மெல்லக் கல்சியத்தின் இடத்தைப் பிடிக்கும். உடலுக்குள் நடப்பதும் அதுவே. முடிச்சு அவிழ்ந்த பிறகும் சங்கிலி அப்படியே இருக்கும், ஏனென்றால் அல்ஜினேற்றை வெட்டும் நொதியம் மனித உடலில் இல்லை. சிறிய சங்கிலியானால் சிறுநீரகம் வெளியேற்றும், பெரியதானால் தங்கும். ‘இயற்கையானது, ஆகவே உடலில் கரைந்து போகும்’ என்று எழுதுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஜெலற்றினுக்கு வருவோம். உயிர்க் கலங்களுக்கு மிகப் பிடித்தமான ஜெல் இது. கொலாஜனில் கலங்கள் பற்றிக்கொள்ளும் இடங்கள் ஜெலற்றினிலும் மிஞ்சியிருக்கின்றன, அல்ஜினேற்றில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் 37 பாகையில் உருகிவிடும் பொருளால் உடலுக்குள் என்ன செய்வது? முறுக்கு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு, பங்கீட்டு வலுப்பிணைப்பு, போட வேண்டியிருக்கிறது. ஜெலற்றினோடு மெதாக்கிரிலிக் நீரிலியைச் சேர்த்து, ஒளிபட்டால் பிணையும் கொக்கிகளைச் சங்கிலியில் மாட்டுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் இருந்து வெளிவந்த முறை, இன்று திசு அச்சிடும் ஆய்வுகூடங்களில் நாளாந்த வேலை.

செய்முறை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசலில் 10% ஜெலற்றினை 50 பாகையில் கரைத்து, வேகமாகக் கலக்கியபடி ஒரு கிராம் ஜெலற்றினுக்கு 0.6 கிராம் அளவில் நீரிலியைத் துளித்துளியாக விட்டு, ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் விடலாம். இடையில் பீஎச் இறங்கும், அதை 7.4க்கு மேலே பிடித்து வைக்காவிட்டால் கொக்கிகள் குறைவாகவே மாட்டும். பிறகு சூடான தாங்கற்கரைசலால் ஐந்து மடங்கு ஐதாக்கி, சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் 12 முதல் 14 கிலோடால்ரன் சவ்வுப் பைக்குள் ஊற்றி, 40 பாகை நீரில் ஐந்து முதல் ஏழு நாள், நாளுக்கு இரண்டு முறை நீர் மாற்றி ஊறவிட வேண்டும். யாரும் சுருக்க விரும்பும் கட்டம் இதுதான், சுருக்கினால் கெடும் கட்டமும் இதுதான். மிஞ்சிய மெதாக்கிரிலிக் அமிலம் கலங்களைக் கொல்லும், அதன் காரமான மணம் இருக்கும்வரை ஊறவிடுவதை நிறுத்தாதீர்கள். ஏசி அறையில் இரவில் நீர்த்தொட்டியின் சூடாக்கி அணைந்தால் பைக்குள்ளேயே ஜெலற்றின் இறுகிவிடும், காலையில் மறுபடி சூடாக்க வேண்டும். கடைசியில் உறைய வைத்து உலர்த்தினால் வெள்ளைப் பஞ்சு போல வரும். அந்தப் பஞ்சைக் கொழும்புக் காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சித் தோலாகச் சுருங்கும். சிறு குப்பிகளில் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு அடைத்து, மைனஸ் 20 பாகையில் வையுங்கள்.

ஜெலற்றின் விடயத்தில் ஆய்வுக்கட்டுரைகள் ஒரு வரியில் கடந்து போகும் ஒன்றை இந்த நகரத்தில் கடந்து போக முடியாது. போத்தலில் ‘வகை ஏ’ என்றிருந்தால் பெரும்பாலும் பன்றித்தோல், அமில முறையில் எடுத்தது. ‘வகை பி’ என்றால் மாடு, கார முறையில் எடுத்தது. வெள்ளவத்தையிலோ மருதானையிலோ ஒரு நோயாளியின் புண்ணில் வைக்கப்போகும் பொருளானால் இரண்டில் ஒன்று யாராவது ஒருவருக்கு ஏற்காது. மருத்துவத் தேவை என்று சமயங்கள் விலக்கு அளிக்கலாம், அளிக்காமலும் இருக்கலாம், முடிவெடுக்க வேண்டியவர் நோயாளிதான். அவருக்குச் சொல்லப்பட வேண்டும், அவருடைய மொழியில் சொல்லப்பட வேண்டும். மீன் ஜெலற்றின் இதற்கு நல்ல மாற்று. குளிர்கடல் மீனின் ஜெலற்றின் குளிர்சாதனப் பெட்டிக்குள்கூட எளிதில் இறுகாது, நம் குளங்களின் திலாப்பியா போன்ற வெப்பநீர் மீனின் ஜெலற்றின் அதைவிடச் சற்று மேலே. முறுக்கு முடிச்சை மட்டும் நம்பினால் இரண்டும் பயன்படாது. ஒளியால் போடும் வலுப்பிணைப்பு வந்த பிறகு உருகுநிலை முக்கியம் இழந்துவிடுகிறது, மீனும் மாடும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்கின்றன.

கைற்றோசன் பற்றிக் கொஞ்சம். சிலாபம், புத்தளம் பக்கத்து இறால் தொழிலின் ஓட்டுக் கழிவு இதற்கு மூலப்பொருள். உப்பமிலத்தில் சுண்ணத்தை நீக்கி, ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் புரதத்தை நீக்கி, கடைசியில் 40 முதல் 50% காரத்தில் 100 பாகைக்கு அண்மையில் சில மணி நேரம் வேகவைத்தால் ஓட்டில் மிஞ்சிய கைற்றின் கைற்றோசனாகும். நம் வெப்பத்தில் ஓடு சில மணி நேரத்தில் அழுகும், எடுத்த அன்றே கழுவிக் காயவைக்காத ஓட்டில் இருந்து எடுத்த கைற்றோசன் மஞ்சளித்துப் பிசுக்குமை குறைந்து வரும். 1% அசற்றிக் அமிலத்தில் கரையும், பீஎச் ஏறத்தாழ 6.5ஐத் தாண்டியதும் வெள்ளையாகப் பிரிந்துவிடும். குருதியின் பீஎச் 7.4. இந்த இடைவெளியைத் தாண்டத்தான் பீற்றா கிளிசரோபொஸ்பேற்று என்ற உப்பைச் சேர்க்கிறார்கள். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, குளிர்ந்த கரைசலைத் துளித்துளியாக விட்டால் பீஎச் 7க்கு வந்தும் தெளிவாகத் திரவமாகவே நிற்கும், 37 பாகையில் நிமிடங்களில் இறுகும். பனிக்கட்டி இல்லாமல் மேசையில் வைத்துச் செய்தால் துளி விழுந்த இடத்திலேயே தயிர் போலத் திரளும். செய்து முடித்த சிரிஞ்சை வெளியே வைத்தாலும் உடம்புக்குள் போகுமுன்னே இறுகத் தொடங்கும்.

பொலொக்சமர் 407க்கும் இதே தொல்லை, இன்னும் கூடுதலாக. 20% கரைசல் 4 பாகையில் நீர் போல ஓடும், 25 பாகைக்கு அண்மையில் இறுகும். ஐரோப்பிய அறையில் ஊசிக்குள் திரவமாக இருந்து உடம்புக்குள் ஜெல்லாகும் மருந்து, இங்கே ஊசிக்குள்ளேயே ஜெல்லாகிவிடும். செறிவைக் குறைத்தால் இறுகும் வெப்பநிலை மேலே போகும், கூடவே ஜெல்லின் வலுவும் இறங்கும். ‘அறைவெப்பநிலை’ என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு செய்முறையையும் வாசிக்கும்போது அந்த அறை எந்த ஊரில் இருந்தது என்று கேளுங்கள்.

செயற்கைப் பக்கத்தின் தொடக்கம் செக்கோஸ்லோவாக்கியாவில். ஒற்றோ விக்ரர்லேயும் த்ராஹோஸ்லவ் லிம்மும் 1960இல் உயிரியற் பயன்பாட்டுக்கான நீர்நாட்ட ஜெல்களைப் பற்றி எழுதினார்கள். 1961 நத்தார் காலத்தில் விக்ரர்லே தம் வீட்டில் பிள்ளைகளின் மேர்க்குர் விளையாட்டுப் பாகங்களைப் பூட்டி ஒரு சுழல்கருவி செய்து, மென்மையான கண்வில்லைகளை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பொலிஹேமா என்ற அந்த ஜெல்லில் நீர் 38% அளவு. முடிச்சு முழுவதும் வலுப்பிணைப்பு, கிருமி நீக்கும் 121 பாகை அழுத்தக்கலனில் வைத்தாலும் அவிழாது. இதைச் செய்யும்போது கெடுவது வேறு இடத்தில். கலவையில் நீர் 40%ஐ வெகுவாகத் தாண்டினால் ஜெல் பால் போல மங்கும், வளரும் சங்கிலி தண்ணீரில் இருந்து பிரிந்துவிடுவதுதான் காரணம். ஒட்சிசன் இருந்தால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும், நைதரசனைக் குமிழியாக விட்டு வெளியேற்ற வேண்டும். வினைபுரியாத ஒருபகுதியம், அதாவது சங்கிலியில் சேராமல் மிஞ்சிய தனி அலகு, கண்ணை எரிக்கும், நாட்கணக்கில் நீர் மாற்றி ஊறவிட்டே அதை எடுக்க முடியும்.

பொலிவைனைல் அற்ககோல் எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் எந்த நச்சுப் பொருளும் சேர்க்காமல் குளிரை மட்டும் வைத்து முடிச்சுப் போடலாம். 10 கிராம் தூளை 90 மில்லிலீற்றர் குளிர்நீரில் தூவி நனையவிட்டு, மூடிய பாத்திரத்தில் 90 முதல் 95 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் கலக்கிக் கரையுங்கள். முன்னும் பின்னும் நிறுத்து, ஆவியான நீரைத் திருப்பிச் சேருங்கள். குமிழி ஏறும்வரை விட்டு அச்சில் ஊற்றி, மைனஸ் 20 பாகையில் ஓர் இரவு, வெளியே எட்டு மணி நேரம். இப்படி மூன்று முதல் ஐந்து சுற்று. நீர் உறையும்போது சங்கிலிகள் பனித்துகள்களுக்கு இடையே நெருக்கப்பட்டுச் சிறுசிறு பளிங்குகளாகச் சேரும், அவைதான் முடிச்சு. வெள்ளையாக, இறப்பர் போல நீளும் தகடு கிடைக்கும்.

வாங்கும்போதே தவறு நடக்கலாம். 88% நீராற்பகுத்த வகை எளிதில் கரையும், மலிவு, பசைத் தொழிலுக்காகக் கடைகளில் இருக்கும். மிஞ்சிய அசற்றேற்றுக் கூட்டங்கள் சங்கிலிகளை நெருங்கவிடாததால் அதில் பளிங்கு சரியாக விழாது, எத்தனை சுற்று வைத்தாலும் குழைந்தே நிற்கும். 98 அல்லது 99% வகைதான் வேண்டும். அடுத்தது மின்சாரம். உருகும் வேகம் மெதுவானால் முடிச்சு கூடும், இடையில் மின்வெட்டு வந்து பெட்டி அரைகுறையாக உருகினால் கணக்கில் வராத ஒரு சுற்று சேர்ந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களைப் போல ஒன்று வந்தால் அந்தத் தொகுதியைத் தனியே குறித்து வையுங்கள், மற்றத் தொகுதியோடு ஒப்பிடாதீர்கள். இந்த ஜெல்லை அழுத்தக்கலனில் வைக்கவே கூடாது, 121 பாகைக்கு வெகு முன்பே பளிங்கு உருகிக் கரைசலாகிவிடும்.

காமாக் கதிரால் முடிச்சுப் போடும் முறை இந்த நாட்டுக்கு மிகவும் பொருந்தும் என்று நம்புகிறேன். போலந்தின் லோட்ஸ் நகரில் யானுஷ் ரொசியாக் 1980களில் உருவாக்கியது. பொலிவைனைல் பிரோலிடோன் 7 முதல் 10%, பொலிஎதிலீன் கிளைக்கோல் 1 முதல் 3%, அகார் 1 முதல் 1.5%, மீதி நீர். சூடாகக் கலந்து மூன்று நான்கு மில்லிமீற்றர்த் தகடாக ஊற்றி, ஆறவிட்டு, பையில் அடைத்து ஒட்டி, 25 கிலோகிரே கதிர் கொடுத்தால் முடிந்தது. கதிர் நீர் மூலக்கூறை உடைக்கும், அந்தத் துண்டுகள் சங்கிலியில் இருந்து ஐதரசனைப் பறிக்கும், வெறுமையான இடங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதே கதிர் கிருமியையும் கொல்லும். முடிச்சும் கிருமிநீக்கமும் அடைத்த பைக்குள் ஒரே வேலையாக நடந்துவிடுகின்றன. பியகமவில் இலங்கை அணுசக்திச் சபையின் காமா நிலையம் இருக்கிறது. இந்தக் கலவையில் அகாரின் பங்கு, கதிர் படும்வரை தகட்டின் உருவத்தைத் தாங்குவது. கொழும்பில் ஊற்றிய தகடு வெயிலில் வான் வண்டியில் ஏறிப் பியகம போய்ச் சேரும்வரை வழியாமல் இருப்பது அந்தக் கடற்பாசியால். அங்கே ஜெலற்றின் இருந்திருந்தால் களனிப் பாலம் தாண்டுமுன் பையின் ஒரு மூலையில் தேங்கியிருக்கும்.

ஆனால் எல்லாச் சங்கிலியையும் கதிருக்கு அனுப்பக் கூடாது. அல்ஜினேற்றையும் கைற்றோசனையும் அது கட்டாது, வெட்டும். ஜெல்லுக்குக் கிருமிநீக்கம் செய்வது எப்படி என்பதைக் கடைசி வாரத்தில் யோசிப்பவர்கள் முதல் மாதத்து வேலையை இழக்கிறார்கள். அழுத்தக்கலன் பளிங்கு முடிச்சை உருக்கும், அல்ஜினேற்றுச் சங்கிலியைக் குறுக்கும். எதிலீன் ஒட்சைட்டு வாயு ஈரமான ஜெல்லில் தங்கி நச்சாகும். ஐதான கரைசலை 0.22 மைக்ரோமீற்றர் வடியால் வடித்து, சுத்தமான அறையில் முடிச்சுப் போடுவது ஒரு வழி. அப்போதும் கிருமி போகும், கிருமியின் ஓட்டில் இருந்து உதிர்ந்த அகநச்சு போகாது. கடற்பாசியிலும் ஓட்டிலும் இருந்து எடுத்தவற்றில் இது சாதாரணமாக இருக்கும். உணவுத் தர அல்ஜினேற்றை உடலுக்குள் வைக்கும் எண்ணமே வேண்டாம். மருத்துவச் சாதனமாக இந்த நாட்டில் எதையும் விற்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிய வேண்டும், முதலில் கேட்கப்படும் ஆவணங்களில் கிருமிநீக்கச் சான்றும் உண்டு.

ஜெல்லுக்குள் மருந்தை அடைத்து மெல்ல வெளிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. வலையின் கண்ணை அளந்து பார்த்தால் அந்த ஆசை அளவுக்கு வந்துவிடும். இந்த ஜெல்களின் வலைக்கண் 5 முதல் 100 நனோமீற்றர். அல்புமின் 7 நனோமீற்றர். ஒரு சாதாரண நுண்ணுயிர்கொல்லி மூலக்கூறு 1 நனோமீற்றரைச் சுற்றி. பெரிய மீன் பிடிக்கும் வலையில் நெத்தலியைப் பிடிக்க முயல்வது போன்றது இது, சில மணி நேரத்தில் மருந்து முழுவதும் வெளியேறிவிடும். மருந்தைச் சங்கிலியோடு மின்னேற்றக் கவர்ச்சியால் பிணைத்தாலோ துகள்களுக்குள் அடைத்து அந்தத் துகள்களை ஜெல்லில் இட்டாலோதான் நாட்கணக்கில் நிற்கும். இதே வலைக்கணக்கை நல்லபடி பயன்படுத்தியது 1980இல் பிராங்க்ளின் லிம்மும் (மேலே சொன்ன லிம் அல்லர்) அந்தோனி சன்னும் இன்சுலின் சுரக்கும் கலங்களை அல்ஜினேற்று மணிக்குள் அடைத்த வேலை. மணியைச் சுற்றிப் பொலிலைசின் தோல் ஒன்றும் போட்டார்கள். குளுக்கோசு உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், கலங்களைத் தாக்கும் பெரிய பிறபொருளெதிரி வாசலில் நிற்கும்.

வீக்கத்தை அளப்பது எளிது, பிழைவிடுவதும் எளிது. உலர்ந்த நிறை 0.12 கிராம், 37 பாகையில் ஊறிய நிறை 1.50 கிராம் என்றால் வீக்கம் 1150%, நீரின் பங்கு 92%. உலர்ந்த துண்டை அடுப்பில் இருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தராசுக்கு வரிசையில் நின்றால் நம் ஈரக்காற்றில் அந்த 0.12, 0.13 ஆகும், வீக்கம் 1050க்கு அண்மையில் வந்து நிற்கும். உலர்த்தியில் இருந்து நேரே தராசுக்கு வர வேண்டும். மேல்நீரை ஒற்றும் வடிதாளும் ஒற்றும் நேரமும் எல்லாத் துண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைசியில் காயம். 1962இல் ஜோர்ஜ் வின்ரர் பன்றிகளின் மேற்றோல் காயங்களில் காட்டினார், ஈரம் காத்த காயத்தில் தோல் மூடும் வேகம் காற்றில் காயவிட்டதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐதரோஜெல் கட்டு மருத்துவத்துக்குள் வந்தது இந்த நியாயத்தில்தான். காய்ந்து, மஞ்சள் இழையம் ஒட்டிக்கிடக்கும் புண்ணுக்கு ஐதரோஜெல் ஈரம் கொடுக்கும். நீர் வடியும் புண்ணுக்கு அது கூடாது, அங்கே அல்ஜினேற்றுக் கட்டு உறிஞ்சி ஜெல்லாகும். இரண்டையும் மாற்றி வைத்தால், வடியும் புண்ணைச் சுற்றிய தோல் வெளுத்து ஊறி உரியும், காய்ந்த புண்ணில் அல்ஜினேற்று ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது புதுத்தோலையும் கூட்டிக்கொண்டு வரும். ஈரப்பதம் கூடிய வார்ட்டில் கட்டின் வழியே ஆவியாவது குறைவு, தோல் ஊறுவது விரைவு. ஏசி அறையில் மேல்மூடி இல்லாத ஜெல் தகடு ஒரே நாளில் காய்ந்து சருகாகும். கட்டு மாற்றும் இடைவெளியை அட்டைப்பெட்டியில் அச்சிட்டபடி எடுக்காமல், ஓரத்துத் தோலைப் பார்த்துத் தீர்மானிக்கும் தாதிகளே சரியாகச் செய்கிறார்கள்.

நீரிழிவுக்காரரின் கால்விரல் கறுத்து, குருதியோட்டம் இல்லாமல் உலர்ந்து கிடந்தால் அதில் ஐதரோஜெல் வைக்காதீர்கள். உலர்ந்திருக்கும்வரை அது ஓரளவு அடங்கியிருக்கிறது, ஈரமாக்கினால் கிருமி ஏறும். குருதிக்குழாய் வைத்தியர் பார்க்கும்வரை உலர்வாகவே இருக்கட்டும். வீட்டில் கற்றாழையைக் கீறி நேரே புண்ணில் வைப்பதும் வேண்டாம், செடியின் தோலில் இருக்கும் மண்ணும் கிருமியும் அந்தக் கூழோடு சேர்ந்தே வரும்.

தீப்புண்ணுக்கு முதலில் எந்த ஜெல்லும் வேண்டாம். குப்பிவிளக்குச் சரிந்தாலும் கொதிநீர் கொட்டினாலும் குழாயைத் திறந்து, ஓடும் நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். உடனே முடியாவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. தண்ணீர் கிடைக்காத இடத்துக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழிக்கும்தான் ஐதரோஜெல் தகடு. குழந்தைக்குப் பெரிய பரப்பில் பட்டிருந்தால் தகட்டை வைத்தபடி நெடுநேரம் விடாதீர்கள், அந்தத் தகட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அது புண்ணோடு சேர்த்து உடம்பையும் குளிர்விக்கும். புண்ணுக்கு மேல் குளிர்ச்சி, மற்ற உடம்புக்குப் போர்வை.